கொட்டகையில் நிற்கும் 1964 ஹெரால்டை வாங்கி ஸ்போர்ட்ஸ் கார் ஆக்கலாமா?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், புதிதாகப் படிப்பவர்களுக்கும் விளங்கும். போச்சம்பள்ளி பக்கம் ஒரு மாந்தோப்புக் கொட்டகையில் 1964 மாடல் ஸ்டாண்டர்ட் ஹெரால்ட், இரண்டு கதவு வண்டி, இருபது வருடத்துக்கு மேல் ஓடாமல் நிற்கிறது. வாங்கியவர் காலமாகிவிட்டார். மகன் விற்கத் தயார். ஆர்.சி. புத்தகத்தின் ஜெராக்ஸ் மட்டும் கையில் இருக்கிறது. கூரையைக் கழற்றி ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் மாதிரி திறந்த ஸ்போர்ட்ஸ் கார் ஆக்கலாமா, ஜிப்ஸி எஞ்சின் ஏற்றலாமா, மொத்தம் எவ்வளவு ஆகும் என்று கேட்டிருக்கிறீர்கள். இந்த மூன்றுக்கும் அடியில் இருக்கிற கேள்வி, எடுத்தால் இதை முடிக்க முடியுமா, பாதியில் நின்றுவிடுமா என்பதுதான். ஓசூரில் பட்டறை வைத்துப் பல வருடமாகப் பழைய வண்டிகளோடு இருப்பவன் என்ற முறையில் அதற்குத்தான் பதில் சொல்லப் போகிறேன்.

ஸ்பிட்ஃபயர் என்று நீங்கள் சொன்னது பொருத்தமில்லாத ஆசை அல்ல. இரண்டும் ஒரே குடும்பம். ஹெரால்ட் இங்கிலாந்தில் ட்ரையம்ஃப் என்ற பெயரில் 1959-ல் வந்தது. உருவம் இத்தாலிக்காரர் ஜியோவானி மிக்கலாட்டி வரைந்தது. அதன் சேஸிஸை, அதாவது அடிச்சட்டத்தைக் குட்டையாக்கி, அதன்மேல் 1962-ல் வந்ததுதான் ஸ்பிட்ஃபயர். முன் சஸ்பென்ஷன், ராக் அண்ட் பினியன் ஸ்டீயரிங், பின்னால் குறுக்கே கிடக்கும் பட்டை ஸ்பிரிங், முழுசாக முன்பக்கம் சாயும் பானெட் எல்லாம் ஹெரால்டின் வழி வந்தவை. நம் ஊரில் சென்னையில் ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனி 1961 முதல் இதைத் தயாரித்தது. அம்பாசடரும் ஃபியட்டும் கெட்டிப் பின் அச்சோடு ஓடிய காலத்தில் நான்கு சக்கரத்துக்கும் தனித்தனி சஸ்பென்ஷன் இருந்த வண்டி இது. சுமார் 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும். எஞ்சின் 948 சி.சி., 35 குதிரைத்திறனை ஒட்டி வரும். அதனால் வேகத்தில் ஸ்போர்ட்ஸ் கார் இல்லை. ஓட்டும் சுகத்தில் நிச்சயம் உண்டு. ராயக்கோட்டை ரோட்டில் நல்ல நிலையில் உள்ள ஒரு ஹெரால்டை மணிக்கு அறுபதில் ஓட்டிப் பாருங்கள். ஸ்டீயரிங் சொல்கிற சேதியே போதும்.

கூரைக்கு வருகிறேன். ஹெரால்டின் கூரை போல்ட் போட்டு உட்கார வைத்தது. வண்டியின் பாரத்தைத் தாங்குவது அடியில் உள்ள தனி சேஸிஸ். இங்கிலாந்தில் இதே உடம்பைத் திறந்த வண்டியாகவும் விற்றார்கள். ஆகவே கழற்ற முடியுமா என்றால் முடியும். கழற்றலாமா என்றால் வேண்டாம் என்பேன். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியின் அமைப்பை மாற்றுவதைத் தடுக்கிறது. அதைவிட உங்களுக்கு முக்கியமானது 2021 ஜூலையில் மத்திய அரசு கொண்டுவந்த விண்டேஜ் வாகன விதி. முதல் பதிவு நடந்து 50 ஆண்டு தாண்டிய இருசக்கர, நான்கு சக்கர வண்டிகளுக்குத் தனிப் பதிவு கிடைக்கும். நம்பரில் மாநில எழுத்துக்குப் பிறகு ‘வி.ஏ.’ என்று வரும். ஆனால் சேஸிஸிலோ பாடியிலோ எஞ்சினிலோ பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது என்பது அதன் நிபந்தனை. கூரை போனால், ஜிப்ஸி எஞ்சின் ஏறினால், அந்தக் கதவை நீங்களே அடைத்துக்கொள்கிறீர்கள். வெறும் சட்டத்துக்காக மட்டும் சொல்லவில்லை. நம்மிடம் மிஞ்சியிருக்கும் இரண்டு கதவு ஹெரால்டுகள் வெகு குறைவு. அறுபது வருடம் தப்பிப் பிழைத்த ஒரு முழு வண்டியை, மழைக்கு ஒதுங்க இடமில்லாத அரைகுறை வண்டியாக்குவது எனக்கு மனசு ஒப்பாத வேலை.

எஞ்சின் விஷயத்தில் எல்லோரும் தலைகீழாகப் பயப்படுகிறார்கள். நின்றுபோன எஞ்சின் என்றாலே கலங்கி, புது எஞ்சின் மாட்டலாம் என்ற யோசனைக்குப் போய்விடுகிறார்கள். மொத்த வண்டியில் எளிதான பகுதியே எஞ்சின்தான். ரீபோர், ஓவர்சைஸ் பிஸ்டன், கிராங்க் கிரைண்டிங், வால்வ் சீட் வேலை எல்லாவற்றுக்கும் ஓசூரிலும் சேலத்திலும் ஆள் உண்டு. இதே எஞ்சின் குடும்பம் பெரிதாக்கப்பட்டு ஸ்பிட்ஃபயரில் 1980 வரை ஓடியதால், பிரிட்டனில் அதன் உதிரிபாகங்களை இன்றும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். தபால் செலவும் சுங்கமும் வலிக்கும், ஆனால் பொருள் கிடைக்கும். இரும்பு கிடைத்துவிடும், தகரம் கிடைக்காது என்று பட்டறையில் பையன்களிடம் சொல்வேன். கண்ணாடி, பின்விளக்கு, கதவுக் கைப்பிடி, ஸ்பீடோமீட்டர், பானெட் பூட்டு, ஜன்னல் சட்டம் இவையெல்லாம் வண்டியோடு இருக்கின்றனவா என்று முதலில் எண்ணுங்கள். ஒரு ஜோடி நல்ல கதவு ஒரு நல்ல எஞ்சினைவிட உங்களுக்கு மதிப்பு அதிகம்.

நிச்சயமாகச் சொல்லக்கூடிய ஒரு எஞ்சின் சோதனை உண்டு. இந்த எஞ்சினில் கிராங்க் என்ற சுழல் தண்டு முன்னும் பின்னும் நகராமல் பிடித்து வைப்பது திரஸ்ட் வாஷர் என்ற அரைவட்டத் தகடுகள். அவை தேய்ந்து கீழே எண்ணெய்த் தொட்டியில் விழுந்துவிடுவது இதன் பிறவிக் குறை. ஒருவர் கிளட்ச் பெடலை மிதிக்கட்டும், நீங்கள் முன்னால் கிராங்க் புல்லியைப் பாருங்கள். கண்ணுக்குத் தெரிகிற அளவு புல்லி முன்னே வந்தால் வாஷர் போய்விட்டது. அப்படியே ஓட்டியிருந்தால் கிராங்க் பிளாக்கையே தின்றிருக்கும். அந்த நிலையில் மட்டும் எஞ்சினுக்காக விலையைக் கணிசமாகக் குறைத்துக் கேளுங்கள். இருபது வருடம் நின்ற வண்டியை பேட்டரி கொடுத்து செல்ஃப் அடிக்கக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலோ டீசலும் எஞ்சின் ஆயிலும் கலந்ததோ ஊற்றி, சில நாள் ஊறவிட்டு, பிறகு கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். பேட்டரி இணைக்கும்முன் எந்த முனை எர்த் என்று பாருங்கள். அந்தக் காலத்து பிரிட்டிஷ் வண்டிகளில் பல பாசிட்டிவ் எர்த், அதாவது பேட்டரியின் பிளஸ் முனைதான் பாடியோடு இணைந்திருக்கும். தோப்புக் கொட்டகையில் எலி ஒயரிங்கை விட்டு வைத்திருக்காது. புது ஒயரிங் செலவை இப்போதே கணக்கில் சேர்த்துவிடுங்கள்.

இனி சேஸிஸ். என் பதிலில் நீங்கள் கவனமாகப் படிக்க வேண்டிய இடம் இது. ஹெரால்டின் நடுவில் முதுகெலும்பாக ஓடும் இரண்டு சட்டங்கள் பெரும்பாலும் நன்றாக இருக்கும். அவற்றிலிருந்து பக்கவாட்டில் கை நீட்டும் அவுட்ரிகர்களும், கதவுக்கு அடியில் ஓடும் பக்கச் சட்டமும், டிக்கிக்கு அடியில் உள்ள பின் நீட்சியும்தான் முதலில் இற்றுப் போகும். பாடி உட்காருவதே அவற்றின்மேல். நம் மாவட்டம் வறண்டது என்பது உங்களுக்குச் சாதகம். சென்னைக் கடற்காற்றில் கிடந்த வண்டியை ஒப்பிட்டால் கிருஷ்ணகிரி வண்டியின் மேல்தகரம் பெரும்பாலும் தப்பியிருக்கும். ஆனால் மண்தரைக் கொட்டகையில் ஈரம் கீழிருந்து ஏறும். மாந்தோப்பு என்றால் தண்ணீர் பாயும் இடம் வேறு. மேலே பளபளவென்று இருந்து அடியில் சல்லடையாக இருக்கும் வண்டியை நிறையப் பார்த்திருக்கிறேன். எனவே டார்ச், சின்னச் சுத்தியல், பழைய ஸ்க்ரூ டிரைவர், காந்தத் துண்டு, படுக்க ஒரு பாய், இரண்டு நல்ல ஜாக் ஸ்டாண்டு எடுத்துக்கொண்டு போங்கள். வெறும் ஜாக்கை நம்பிக் கீழே படுக்காதீர்கள். சட்டத்தைத் தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும். மொத்தென்று கேட்டால் உள்ளே துரு. ஸ்க்ரூ டிரைவர் உள்ளே போனால் அந்தத் துண்டை மாற்றியாக வேண்டும். காந்தம் ஒட்டாத இடத்தில் முன்னால் யாரோ பட்டி போட்டு மூடியிருக்கிறார்கள். கதவுக்கும் பின் பக்கத் தகரத்துக்கும் நடுவில் உள்ள இடைவெளி மேலும் கீழும் ஒரே அளவா என்று பாருங்கள். மேலும் கீழும் அளவு வேறாக இருந்தால், அல்லது கதவு மூடும்போது மேலேறி விழுந்தால், சேஸிஸ் தொய்ந்திருக்கலாம். கதவுக் கீல் தேய்ந்தாலும் இப்படித் தெரியும், ஆகவே அதை மட்டும் வைத்து முடிவு கட்ட வேண்டாம்.

இற்றுப்போன அவுட்ரிகரைக் கண்டு ஓடிவிட வேண்டியதில்லை. அது வளைத்த தகரப் பெட்டிதான். ஓசூரில் ஷீட் மெட்டல் வேலை செய்கிறவர்களுக்கு அளவு கொடுத்தால் மடித்துத் தருவார்கள். ஓசூர்க்காரர்களுக்கு இருக்கும் பெரிய வசதி இது. பித்தளை புஷ், பின், பிராக்கெட், பவுடர் கோட்டிங், ஜிங்க் பிளேட்டிங் எல்லாம் பத்து கிலோமீட்டருக்குள் முடியும். ஒரே ஒரு பொருளுக்காக மெஷினை செட் செய்யப் பெரிய யூனிட்காரர்கள் ஒப்ப மாட்டார்கள். முதலாளியே லேத்தில் நிற்கும் சின்னப் பட்டறையைத் தேடுங்கள். பட்டை ஸ்பிரிங் கட்டுவதற்கும் ரேடியேட்டர் கோர் மாற்றுவதற்கும் லாரிப் பட்டறைகள் போதும், கிருஷ்ணகிரி பைபாஸ் ஓரமே இருக்கின்றன. மற்றப் பழைய சாமான்களுக்குப் பெங்களூர் ஜே.சி. ரோடும் சென்னை புதுப்பேட்டையும் சுற்ற வேண்டியிருக்கும். சேஸிஸ் வெல்டிங்கை மட்டும் விலை குறைவு என்று யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள். பாடியைத் தூக்குவதற்கு முன் கதவுத் துவாரங்களில் குறுக்குச் சட்டம் வைத்து டாக் அடிக்க வேண்டும், அதாவது சின்னச் சின்னப் புள்ளியாக வெல்டிங் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் திரும்ப உட்கார வைக்கும்போது கதவு எந்தக் காலத்திலும் சேராது.

உயிர் சம்பந்தப்பட்ட ஒன்று இருக்கிறது. முன் சக்கரத்தைத் தாங்கும் நிமிர்ந்த தண்டு, கீழே டிரன்னியன் என்ற பித்தளைத் துண்டுக்குள் மரைபோட்டுத் திரும்பும். இதற்குக் கியர் ஆயில், 90 கிரேடு, கொடுக்க வேண்டும் என்பது தயாரிப்பாளர் சொன்னது. நம் ஊர் சர்வீஸ் ஸ்டேஷன்களில் பழக்கதோஷத்தில் கிரீஸ் அடித்துவிடுவார்கள். கிரீஸ் மரையின் அடிவரை போகாது, தண்ணீர் தேங்கும், தண்டு உள்ளேயே அரிக்கும், ஒரு நாள் திருப்பத்தில் உடைந்து சக்கரம் மடிந்து விழும். வண்டி எவ்வளவு நன்றாகத் தெரிந்தாலும் அந்தத் தண்டுகளையும் டிரன்னியன்களையும் புதிதாக மாற்றாமல் ரோட்டில் இறக்காதீர்கள். பிரேக்கும் அப்படியே. நான்கும் டிரம், ஒரே ஹைட்ராலிக் லைன். ஒரு ஹோஸ் வெடித்தால் நான்கு சக்கரமும் போய்விடும். மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர், ஹோஸ், பைப் அனைத்தும் புதிது அல்லது ஸ்லீவ் போட்டது. தொப்பூர் கணவாயில் இறங்கும்போது டிரம் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் சூடேறிப் பிடிக்காமல் போகும். இரண்டாவது கியரில் இறங்க வேண்டும். வத்தல்மலை மாதிரிக் கொண்டை ஊசி வளைவுகளில் இந்த வண்டியின் பின் அச்சுக்கு இன்னொரு குணம் உண்டு. வேகமாக நுழைந்துவிட்டு நடு வளைவில் திடீரென்று ஆக்ஸிலரேட்டரை விட்டாலோ பிரேக் மிதித்தாலோ, பின் சக்கரங்கள் உள்பக்கம் மடிந்து வால் வெளியே வீசும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, லேசாக ஆக்ஸிலரேட்டர் கொடுத்தபடி வெளியே வர வேண்டும். டயருக்குக் கவலை இல்லை. 13 இன்ச் சக்கரம், பழைய வேகன் ஆர் வண்டிக்கு வந்த 145/80 அளவு பொருந்தும்.

பெட்ரோலைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் தெரிந்திருக்க வேண்டும். இப்போது பங்குகளில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. பழைய ரப்பர் ஹோஸ், பெட்ரோல் பம்ப்பின் டயஃப்ரம், கார்புரேட்டர் வாஷர் இவற்றை அது கரைத்து ஊதவைக்கும். எத்தனால் ஈரத்தை இழுப்பதால் டேங்க்கும் துருப்பிடிக்கும். எத்தனால் தாங்கும் ஹோஸ் போட்டு, டேங்க்கைச் சுத்தம் செய்து, மாதக்கணக்கில் பெட்ரோலோடு நிறுத்தாமல் இருந்தால் சமாளிக்கலாம். ஈயம் கலந்த பெட்ரோல் நாடு முழுக்க 2000 பிப்ரவரியோடு நின்றது. இந்த எஞ்சின் அந்தப் பெட்ரோலுக்குச் செய்தது, ஈயம் இல்லாவிட்டால் வால்வ் சீட் சீக்கிரம் தேயும். எஞ்சின் ஹெட்டைக் கழற்றும்போதே எக்ஸாஸ்ட் பக்கம் கெட்டி வால்வ் சீட் போட்டுவிடுங்கள்.

இப்போது காகிதம். தகரம் கெட்டால் சரிசெய்யலாம், காகிதம் இல்லாவிட்டால் உங்களிடம் இருப்பது கொட்டகை அலங்காரம்தான். 1964-ல் தர்மபுரி தனி மாவட்டமே இல்லை, சேலத்தோடு இருந்தது. பிரிந்தது 1965 அக்டோபரில். கிருஷ்ணகிரி பிரிந்தது 2004-ல். ஆகவே மூலப் பதிவேடு சேலத்தில் இருக்க வாய்ப்பு அதிகம். இடையில் தர்மபுரிக்கு மாற்றியிருந்தால் அங்கே தேட வேண்டும். பழைய மூன்றெழுத்து நம்பர் வண்டிகள் பல கணினியில் ஏறவே இல்லை. மூலப் பதிவேட்டைக் காட்டி ஏற்றச் சொல்ல வேண்டியிருக்கும். ஜெராக்ஸில் உள்ள சேஸிஸ் நம்பரும் எஞ்சின் நம்பரும் வண்டியில் உள்ள தகட்டோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா என்று பென்சில் தேய்த்துப் பாருங்கள். இதில் முரண்பாடு இருந்தால் வண்டி எவ்வளவு அழகாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். ஒத்துப்போனால், அடுத்த வேலை விற்பவருடையது. வாரிசு சான்றிதழோடு படிவம் 31 கொடுத்து அவர் பெயருக்கு மாற்ற வேண்டும். வேறு வாரிசுகள் இருந்தால் அவர்களின் சம்மதமும் வேண்டும். தொலைந்த ஆர்.சி.க்குப் படிவம் 26. பிறகுதான் உங்கள் பெயருக்கு 29, 30. ‘இறந்தவர் கையெழுத்து ஏற்கெனவே வாங்கி வைத்திருக்கிறோம்’ என்று யாராவது படிவம் நீட்டினால் தொடாதீர்கள்.

பெயர் மாறியபின் இரண்டு வழி. சாதாரணப் பதிவைப் படிவம் 25 கொடுத்துப் புதுப்பித்தால் ஐந்தைந்து வருடமாக ஓட்டலாம், தினமும் வேலைக்கும் போகலாம். 15 வருடம் தாண்டிய கார்களுக்குப் புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ரூபாய் ஆனது. 20 வருடம் தாண்டியவற்றுக்கு 2025-ல் இன்னும் ஏறியது. இதோடு பசுமை வரி, தாமதக் கட்டணம், ஃபிட்னஸ் சோதனை. விண்டேஜ் பதிவுக்குப் போனால் கட்டணம் 20,000 ரூபாய், 10 வருடம் செல்லும், ஆனால் கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போட, பழுது பார்க்க என்று மட்டுமே ரோட்டில் இறக்கலாம். ஓட்டுவதற்காக வாங்கும் உங்களுக்கு முதல் வழிதான் சரி என்பது என் கருத்து. நீங்கள் தற்செயலாகப் பெங்களூரில் ஒரு வண்டி பார்க்கப் போனால் படிவம் 28, அதாவது தடையில்லாச் சான்று, இல்லாமல் எல்லை தாண்டிக் கொண்டுவராதீர்கள். ஓசூரில் கர்நாடக நம்பரோடு முடங்கிக் கிடக்கும் பழைய வண்டிகளில் பாதி இதனால்தான் நிற்கின்றன.

மொத்தச் செலவு எவ்வளவு என்பதற்கு நேர் பதில் சொல்ல மாட்டேன். அடிப்பாகத்தைப் பார்க்காமல் போனில் தொகை சொல்கிற எவரையும் நீங்களும் நம்ப வேண்டாம். அனுபவத்தில் உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்று: செலவில் பாதிக்கு மேல் டிங்கரிங்குக்கும் பெயின்டுக்கும் போகும், முடித்த வண்டியை விற்றால் போட்ட பணம் பெரும்பாலும் வராது. லாபக் கணக்கு மனதில் இருந்தால் இந்த வேலைக்கு வராதீர்கள். காலத்தையும் நாள் குறித்துச் சொல்ல முடியாது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேலை செய்கிறவருக்கு வருடக்கணக்கில் இழுக்கும்.

பாதியில் நிற்கும் வண்டிகள் எல்லாமே ஒரே மாதிரிதான் நிற்கின்றன. வாங்கிய வாரமே உற்சாகத்தில் அக்கக்காகப் பிரித்துவிடுகிறார்கள். ஆறு மாதத்தில் எந்த நட் எங்கே என்று மறந்துவிடும், பெயின்டர் தேதி தள்ளுவார், பாடி ஒரு பக்கம், எஞ்சின் ஒரு பக்கம். தம்பி, நீங்கள் பிரிக்காமல் ஆரம்பியுங்கள். முதலில் பிரேக், பெட்ரோல் லைன், ஒயரிங் மூன்றையும் சரிசெய்து, இருக்கிற அழுக்கோடு, இருக்கிற கிழிந்த சீட்டோடு, வளாகத்துக்குள் பத்தடி முன்னும் பின்னும் ஓடவிடுங்கள். கியர் விழுகிறதா, பின் அச்சு சத்தம் போடுகிறதா, எஞ்சின் சூடாகிறதா என்பதெல்லாம் ஓடும் வண்டிதான் காட்டும். அதன்பிறகு ஒவ்வொரு பகுதியாகக் கழற்றி, படம் எடுத்து, பை போட்டுப் பெயர் எழுதி, அந்தப் பகுதியை முடித்து மாட்டியபின் அடுத்ததைத் தொடுங்கள். பெயின்ட் கடைசி. கார் நிற்க மழை படாத, சிமென்ட் தரை போட்ட இடம் உங்கள் பெயரிலோ குடும்பத்தின் பெயரிலோ இருக்கிறதா என்பதைக் கேள்வியில் நீங்கள் சொல்லவில்லை. வாடகை ஷெட் என்றால் மாத வாடகையையும் செலவில் எழுதுங்கள்.

போய்ப் பார்க்கும்போது நான்கு அவுட்ரிகர், கதவடிச் சட்டம், டிக்கிக்கு அடி, சேஸிஸ் நம்பர்த் தகடு, ஆர்.சி. ஜெராக்ஸ் இவற்றைப் படம் எடுத்து இங்கே போடுங்கள், ஆர்.சி.யில் பெயர், முகவரியை மறைத்துவிடுங்கள். எதை மாற்ற வேண்டும், எதை விடலாம் என்று படத்தைப் பார்த்து ஓரளவு சொல்ல முடியும். வாரிசு பெயருக்கு ஆர்.சி. மாறும்வரை முழுப்பணம் கொடுக்க வேண்டாம். அவர் முன்பணம் கேட்டால், பெயர் மாற்றம் நடக்காவிட்டால் தொகை திரும்ப வரும் என்று எழுதி, எல்லா வாரிசுகளும் கையெழுத்துப் போட்ட தாளுக்கு எதிராக மட்டும் கொடுங்கள்.